99,000 ரூபாவுக்கு வாங்கிய பெயர்கள்

"பிள்ளை, உனக்குச் சுகமில்லையோ? மூண்டு கிழமையாக் கடிதத்தைக் காணேல்லை."

நோர்வேயிலிருந்து வைபரில் வந்த அழைப்பு அது. 2023 கார்த்திகை மாதம், வெளியில் நல்ல மழை, கடையில் ஒருவரும் இல்லை. அழைத்தவர் வட்டக்கச்சி ஐயா ஒருவர். எழுபது வயது தாண்டியவர், ஊரை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல். செவ்வாய்க்கிழமை இரவில் என்னுடைய மின்னஞ்சல் கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் படுக்கப் போவதாக ஒருமுறை எழுதியிருந்தார். அந்த மூன்று கிழமையில் முதல் இரண்டு கிழமையும் நான் கடிதம் அனுப்பித்தான் இருந்தேன். அவருக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றாவது கிழமை அனுப்பவே முடியாத நிலைக்கு வந்திருந்தேன். ஏன் என்பது எனக்கு அந்த நேரம் விளங்கத் தொடங்கியிருந்ததால் அவருக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. சீட்டுக் காசைக் கொடுத்து, அவரிடம் போகிற வழியை நானே அடைத்து வைத்திருந்தேன்.

இதை ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆட்கள் எனக்குத் தெரிந்த வட்டத்தில் இருக்கவும் இல்லை. தமிழில் செய்திமடல் எழுதுகிற, எழுத நினைக்கிற ஆட்கள் இப்போது கூடி வருவதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் சந்தியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் என்னுடைய கடை. போட்டோக்கொப்பி, ரீலோட், ஒன்லைனில் படிவம் நிரப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான். 2021 தை மாதம், கொரோனாவால் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்த காலத்தில், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர், தெரிந்தவர்கள் 14 பேருக்குக் கிழமைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினேன். எல்லாரும் போனில் கேட்பது ஒரே விசயம்தான்: காணி எப்படி இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, தென்னை காய்க்கிறதா. தனித்தனியாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் ஒரே கடிதமாக எழுதினேன். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, காலபோக நெல் விதைப்பு எவ்வளவு தூரம் முடிந்தது, கச்சான் என்ன விலை, எந்தப் பக்கம் யானை இறங்கியது, வெறுங்காணியில் பற்றை மண்டாமல் பார்க்க ஆள் பிடித்தால் கூலி எவ்வளவு என்று எழுதுவேன். வாசித்தவர்கள் தங்கள் ஊராருக்கு அனுப்பினார்கள். ஒரு விளம்பரமும் இல்லாமல் 2023 ஆவணியில் 612 பேர் ஆகியிருந்தார்கள். இரண்டரை வருடம் எடுத்தது.

அந்த ஆவணியில்தான் லண்டனில் கடை வைத்திருக்கிற ஒருவர், மாதம் ஒரு விளம்பரம் தரலாம், ஆனால் 2,000 பேராவது இருக்க வேண்டும் என்றார். எனக்கு அந்த 2,000 தலைக்குள் ஏறிவிட்டது. எழுதுவதால் ஒரு வருமானம் வரும் என்று முதல்முறையாக ஒருவர் சொன்ன சந்தோசம். சப்ஸ்டாக் போன்ற செய்திமடல் தளங்களில் வாசகரிடமே காசு வாங்கலாம் என்பார்கள். அதற்கு, அட்டைக் காசை வாங்கித் தரும் ஸ்ட்ரைப் கணக்கு வேண்டும், இலங்கையில் இருந்துகொண்டு அதைத் திறக்க அப்போது வழியில்லை. பேபாலில் அப்போது இங்கிருந்து காசு அனுப்ப முடிந்தது, வாங்க முடியவில்லை. ஆகவே விளம்பரம் தருகிற ஒருவர்தான் எனக்கு இருந்த ஒரே கதவு. அந்த அவசரம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

மின்னஞ்சல் வழியாகக் காசு கொடுத்து ஆள் சேர்ப்பது ஒரு வகைப்பட்ட வேலை இல்லை என்பதை நான் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. ஒருவர் தன் வாசகருக்கு வழமையாக எழுதும் மடலின் நடுவில் உங்களைப் பற்றி ஒரு பத்தி போடுவது ஒன்று. அதற்கு ஒரு தடவைக்கு இவ்வளவு என்றோ, ஆயிரம் பேருக்கு இவ்வளவு என்றோ கேட்பார்கள். இரண்டாவது, ஒருவர் தன் பட்டியல் முழுவதற்கும் உங்கள் விளம்பரத்தை மட்டும் தனி மின்னஞ்சலாக அனுப்புவது. இதை 'சோலோ அட்' என்கிறார்கள், கணக்கு அனேகமாகக் கிளிக் எண்ணிக்கையில், அதாவது உங்கள் இணைப்பை எத்தனை தரம் அழுத்தினார்கள் என்பதில். மூன்றாவது, வேறொரு இடத்தில் ஒருவர் பெயர் பதியும்போது பக்கத்தில் உங்கள் மடலுக்கும் ஒரு பெட்டி வைத்துப் பதிவது. இதற்கு ஒரு பெயருக்கு இவ்வளவு என்று விலை. முதலாவதில் எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் ஏற்கனவே இருக்கிற நம்பிக்கையில் ஒரு பங்கு உங்களுக்குக் கிடைக்கும். மற்ற இரண்டிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்தது விலையை மட்டும்.

சீட்டு எனக்கு அந்தப் புரட்டாதியில் விழுந்தது. 20 பேர், மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம் ரூபா. பழைய போட்டோக்கொப்பி மெசினை மாற்றுவதற்கு முற்பணமாக வைத்திருந்த காசு. அதைத்தான் எடுத்தேன். டொலர் ஒன்று 320 ரூபாவைச் சுற்றி நின்ற நேரம்.

முதலில் சோலோ அட். விற்றவர் தன்னிடம் 40,000 பேர் இருக்கிறார்கள், பெரும்பகுதி கனடா, பிரித்தானியாவில் இருக்கிற தெற்காசிய ஆட்கள், தமிழர் நிறையப் பேர் என்றார். 250 கிளிக், ஒன்று 70 சதம், 175 டொலர். காசைப் பேபாலில் 'நண்பர், குடும்பம்' என்ற வழியால்தான் அனுப்ப வேண்டும் என்றார். கனடாவில் இருக்கும் என் சித்தியின் மகனிடம் அனுப்பச் சொன்னேன். தம்பி ஒரு கேள்வி கேட்டான்: "அக்கா, தெரியாத ஆளுக்கு ஏன் சொந்தக்காரருக்கு அனுப்புற மாதிரி அனுப்பச் சொல்லுறார்?" அப்படி அனுப்பினால் அவருக்குக் கட்டணம் வெட்டாதாம் என்று நானே அவருக்காகப் பரிந்து பேசினேன். அந்த வழியால் போகும் காசுக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பொருள் வராவிட்டாலும் முறையிட இடமில்லை. அது பேபாலின் விதிகளில் தெளிவாக இருக்கிறது. நான் வாசிக்கவில்லை. இங்கே 56,000 ரூபாவைக் கொண்டுபோய்ச் சித்தியின் கையில் கொடுத்தேன். சித்தி இரண்டு தரம் எண்ணிவிட்டு, "மெசினுக்கு வைச்ச காசெல்லோ" என்று மட்டும் கேட்டா. யாராவது உங்களிடம் விளம்பரக் காசை இப்படி அனுப்பச் சொன்னால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே கதையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை நாளில் 281 கிளிக் என்று அறிக்கை வந்தது. சொன்னதை விடக் கூடத் தந்திருக்கிறார் என்று சந்தோசப்பட்டேன். 143 பேர் பெயர் பதிந்திருந்தார்கள். பெயர்களைப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ செய்தது. ஒரு சொல்லும் அதன் பின்னால் நான்கைந்து எண்களுமாக வரிசையாக ஜிமெயில் முகவரிகள். தமிழ்ப் பெயர் என்று சொல்லக்கூடியவை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. பல கிளிக்குகள் ஒரே நிமிடத்துக்குள் வந்திருந்தன, வந்தவர்கள் பக்கத்தில் ஒரு வினாடிகூட நிற்கவில்லை. மனிதர் அப்படி வருவதில்லை. கம்பனிகளின் பாதுகாப்பு மென்பொருள்கள் உள்ளே வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்புகளை எல்லாம் தாங்களே திறந்து பார்க்கும், அதுவும் கிளிக் என்றுதான் பதிவாகும். கிளிக் விற்கிறவர்கள் வேண்டுமென்றே இயந்திரத்தால் அழுத்த வைப்பதும் உண்டு. எது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விற்றவரிடம் கேட்டேன். தான் கிளிக்குக்குத்தான் உத்தரவாதம் தந்ததாகவும், என் பக்கம்தான் சரியில்லை என்றும் பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் போன காசை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணம் மனிதரை இன்னும் உள்ளே இழுக்கும். 'கிளிக்கில் ஏமாந்தேன், பெயருக்கு மட்டும் காசு கொடுத்தால் ஏமாற முடியாது' என்று நினைத்து மூன்றாவது வகைக்குப் போனேன். 300 பெயர், ஒன்று 45 சதம், 135 டொலர், கிட்டத்தட்ட 43,000 ரூபா. இரட்டிப்பு வந்த 9 பெயரைக் கழிக்க 291 வந்தது. இந்த முறை பெயர்கள் உண்மையான மனிதருடையவை போலத்தான் இருந்தன. அவர்களில் மிகப் பலருக்குத் தாங்கள் என் மடலுக்குப் பதிந்த விசயமே தெரியாது என்பது பின்னர்தான் தெரிந்தது. பெட்டியில் முன்கூட்டியே சரி அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். வேறு எதற்கோ பதிந்து 'அடுத்தது' என்று அழுத்திக்கொண்டு போனவர்கள் அவர்கள்.

அந்த முன்கூட்டிய சரி அடையாளம் முறைகேடு மட்டும் இல்லை, சட்டச் சிக்கலும்கூட. எங்களுடைய வாசகர் அதிகம் இருக்கும் கனடாவில் 2014 ஆடி 1 முதல் ஸ்பாமுக்கு, அதாவது கேட்காமல் வரும் குப்பை மின்னஞ்சலுக்கு, எதிரான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வர்த்தக நோக்கமுள்ள மின்னஞ்சலுக்கு, பெறுபவரின் சம்மதம் வேண்டும். முன்பே சரி போட்ட பெட்டி வெளிப்படையான சம்மதமாகாது. தனிநபருக்குக்கூடத் தண்டம் பத்து லட்சம் கனேடிய டொலர் வரை போகலாம். ஐரோப்பாவில் 2018 வைகாசி 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதியும் அந்தப் பெட்டியை ஏற்பதில்லை. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. பரந்தனில் இருந்து எழுதுகிற என்னைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று இருக்கலாம்தான். ஆனால் விற்பவர் "சம்மதம் எல்லாம் எடுத்தாச்சு" என்று சொன்னால், எந்தப் பக்கத்தில், என்ன வசனத்தோடு எடுத்தீர்கள், காட்டுங்கள் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. காட்டத் தயங்கினால் அதுதான் பதில்.

ஐப்பசியில் 1,046 பேருக்குக் கடிதம் அனுப்பினேன். எண்ணைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன், அதை மறைக்கவில்லை. திறந்தவர்கள் பாதிக்கு மேல் என்று காட்டியது. அதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. 2021 புரட்டாதிக்குப் பிறகு, ஐபோனின் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, கடிதத்தில் உள்ள படங்களை அப்பிளே முன்கூட்டி இறக்கி வைக்கும். 'திறந்தார்' என்று பதிவாவது அந்தப் படம் இறங்குவதை வைத்துத்தான். ஆகவே திறக்காதவரும் திறந்தவராகக் கணக்கில் வருவார். திறந்த வீதத்தைக் காட்டி விளம்பர இடம் விற்கிறவரை நம்பவே முடியாது என்று சொல்லவில்லை. அதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது.

உண்மை வேறு இடத்தில் இருந்தது. 61 கடிதங்கள் முகவரியே இல்லை என்று திரும்பி வந்தன. 9 பேர் 'ஸ்பாம்' என்று முறையிட்டிருந்தார்கள். ஒன்பது சின்ன எண்ணாகத்தான் எனக்கும் பட்டது. ஆயிரத்துக்கு எட்டுக்கு மேல் அது. ஜிமெயில் தனக்கு அனுப்புபவர்களிடம் எதிர்பார்ப்பது இந்த வீதம் ஆயிரத்துக்கு ஒன்றுக்குக் கீழே நிற்க வேண்டும், எந்தக் கட்டத்திலும் மூன்றைத் தொடக்கூடாது என்று. அதோடு, யாகூ, ஹொட்மெயில் போன்றவைதான் 'இன்னார் ஸ்பாம் என்று அழுத்தினார்' என்று, நாங்கள் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பப் பயன்படுத்தும் சேவைக்குத் திருப்பிச் சொல்லும். ஜிமெயில் அப்படி ஆள் ஆளாகச் சொல்லாது. என் வாசகரில் பெரும்பகுதி ஜிமெயில். நான் கண்ட 9 பேர், கண்ணுக்குத் தெரிந்த பங்கு மட்டுமே. இந்த விவரங்களை எல்லாம் ஜிமெயில் தரும் 'போஸ்ட்மாஸ்டர்' கருவியில் பார்க்கலாம் என்பார்கள். எங்களைப் போலக் கொஞ்சப் பேருக்கு அனுப்புபவர்களுக்கு அது பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அனுப்பும் சேவை என் கணக்கை நிறுத்தி வைத்தது. அந்த இடைவெளியில்தான் நோர்வே ஐயாவின் அழைப்பு. அவரிடம் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "இஞ்ச கிடக்குது பிள்ளை, ரெண்டும் கிடக்குது" என்றார். காணாமல் போனது அகப்பட்ட சந்தோசம் அவருடைய குரலில். எனக்கு அழுகை வந்தது. காசு கொடுத்து வாங்கிய 434 பேர் ஸ்பாம் என்று அழுத்தியும் அலட்சியம் செய்தும், இரண்டரை வருடம் என்னோடு இருந்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஜிமெயில், யாகூ போன்ற தபால்பெட்டி வழங்குநர்கள் அனுப்புபவரைத்தான் மதிப்பிடுவார்கள். ஒரு பகுதி வாசகர் தள்ளிவிட்டால், மற்றவர்களுக்குப் போகிற கடிதமும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். விளம்பரத்தால் வருகிற நட்டம் கொடுத்த காசோடு முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு செய்த வேலைகளைச் சொல்கிறேன். வாங்கிய பெயர்களையும் பழைய பெயர்களையும் அடையாளம் எதுவும் போடாமல் ஒரே பட்டியலில் கொட்டியிருந்தேன். பிரிப்பதற்கு மூன்று இரவு போனது. நல்லகாலம், பதிந்த திகதி இருந்தது. ஆவணியில் எடுத்த பட்டியலின் பிரதி ஒன்றும் கடைக் கொம்பியூட்டரில் கிடந்தது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி இணைப்பு, தனிப் பதிவுப் பக்கம், பட்டியலில் தனி அடையாளம் என்பதை முதல் நாளே செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. 434 பேரில் பதில் எழுதியவர்கள், உண்மையாக இணைப்பைத் திறந்து வாசித்தவர்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் 11 பேர். அவர்களை வைத்துக்கொண்டு மிச்சம் 423 பேரையும் அழித்தேன். அழிக்கும்போது கை கூசியது உண்மைதான், ஒவ்வொரு பெயரிலும் இருநூறு ரூபாவுக்கு மேல் இருந்தது. உறுதிப்படுத்தக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பிப் பார்ப்போமா என்றும் யோசித்தேன். சம்மதம் இல்லாத ஆளுக்கு மேலும் ஒரு கடிதம் என்பது மேலும் ஒரு முறைப்பாடு. விட்டுவிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, அழித்த எண்ணிக்கையையும் காட்டிய பிறகு சேவை கணக்கைத் திறந்துவிட்டது.

இன்னொரு பிழை எனக்குத் தெரியாமலே நெடுநாளாக இருந்தது. நான் அனுப்புநர் முகவரியாக என் ஜிமெயிலையே போட்டு, வேறு சேவை வழியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். வரும் மின்னஞ்சல் உண்மையிலேயே அந்தப் பெயருக்கு உரியவருடையதுதானா என்று பார்க்க மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் கிராம சேவையாளரின் கடிதம் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது என்பதால் அந்த உதாரணத்தாலேயே சொல்கிறேன். கடிதம் கொண்டுவர யார் யாருக்கு அனுமதி என்று அலுவலகத்தில் ஒட்டி வைக்கும் பட்டியல்தான் எஸ்பிஎஃப். கடிதத்தின் மேல் விழும் முத்திரையும் கையெழுத்தும் டிகேஐஎம், நடுவில் யாரும் திருத்தவில்லை என்பதற்கு அது சாட்சி. இவை கடிதத் தலைப்பில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் கடிதத்தை ஏற்பதா, ஒதுக்கி வைப்பதா, திருப்பி அனுப்புவதா என்று உரியவரே எழுதி வைக்கும் கட்டளை டிமார்க். ஜிமெயில் என்ற தலைப்போடு வேறொருவர் கொண்டுவரும் கடிதத்தில் முத்திரை பொருந்தாது. 2023 ஐப்பசியில் கூகிளும் யாகூவும் அறிவித்து, 2024 மாசி முதல் இதை இறுக்கினார்கள். எவ்வளவு குறைவாக அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும். நாளுக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதியும் வேண்டும். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டொலர் கொடுத்துச் சொந்தமாக ஒரு இணையப் பெயர் வாங்கி, மூன்றையும் அமைத்தேன். விளம்பரத்துக்கு ஒரு சதம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இது.

பிறகு பழைய வாசகர்களை வட்ஸ்அப்பிலும் வைபரிலும் ஆள் ஆளாகத் தேடிக் கதைத்தேன். ஸ்பாமுக்குள் கிடந்தால் 'ஸ்பாம் இல்லை' என்று அழுத்துங்கள், முகவரியைத் தொடர்புகளில் சேருங்கள், கடிதத்துக்கு ஒரு வரியாவது பதில் எழுதுங்கள் என்று கேட்டேன். நோர்வே ஐயா அன்று தொடங்கி ஒவ்வொரு கிழமையும் "கிடைச்சது" என்று ஒரு சொல் எழுதுகிறார். கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர மாசி ஆகிவிட்டது. எழுபது பேரளவில் இன்றுவரை திரும்பவில்லை. அவர்களுடைய போன் இலக்கம் என்னிடம் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு 2024 பங்குனியில் மறுபடியும் காசு கொடுத்து விளம்பரம் போட்டேன். கனடாவில் உள்ள ஒரு பழைய மாணவர் சங்கம், மாதத்துக்கு ஒருமுறை தன் ஆட்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் மடலில் ஒரு பத்தி. 40 கனேடிய டொலர், அன்றைய விலையில் 9,000 ரூபா அளவு. இந்த முறை காசு கொடுக்கும் முன் கேட்டேன். எத்தனை பேருக்குப் போகிறது, கடைசி மூன்று மடல்களில் இணைப்புகளை எத்தனை பேர் திறந்தார்கள், பெயர்களை எப்படிச் சேர்த்தீர்கள், கடைசியாக விளம்பரம் போட்டவரோடு நான் கதைக்கலாமா. படம் பிடித்து அனுப்புவது போதாது, விளம்பரம் போட்டவருடைய வாயால் கேட்க வேண்டும். சங்கத்தில் மடலைத் தொகுக்கும் அண்ணை தானே இலக்கத்தைத் தந்து கதைக்கச் சொன்னார். நான் இரண்டு மாதம் சும்மா அந்த மடலையும் பெற்று வாசித்தேன். யார் எதற்குப் பதில் எழுதுகிறார்கள் என்பது மடலிலேயே தெரிந்தது.

நான் எழுதிக் கொடுத்த பத்தியில் 'சந்தாதாரராக இணையுங்கள்' என்று இருந்தது. அண்ணை அதை வெட்டினார். "தங்கச்சி, சந்தா எண்டு எழுதினா காசு கேக்கிறாய் எண்டுதான் எங்கட ஆக்கள் நினைப்பினம். வேணுமெண்டால் பேரைத் தாங்கோ, இலவசம் எண்டு எழுது." மூன்று வருடமாக என் பதிவுப் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் காசு நினைவு வராமல் இருக்கலாம். சங்கத்துக்கும் சஞ்சிகைக்கும் சந்தா கட்டிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு வரும். அவரே தன்னுடைய நடையில், 'நான் செவ்வாய்க்கிழமைகளில் வாசிக்கிற கடிதம்' என்று தொடங்கி எழுதினார். பொய் இல்லை, இரண்டு மாதமாக அவரும் வாசித்துக்கொண்டிருந்தார். இணைப்பை அழுத்தத் தயங்குகிற வயதானவர்களுக்காக, 'இந்த முகவரிக்கு ஓம் என்று எழுதினாலும் போதும்' என்று ஒரு வரி சேர்த்தோம்.

71 பேர் வந்து பார்த்தார்கள். 38 பேர் பெயர் தந்து, அதன் பிறகு வந்த உறுதிப்படுத்தும் மின்னஞ்சலிலும் 'ஓம், அனுப்புங்கள்' என்று அழுத்தினார்கள். இந்த இரண்டாவது அழுத்தத்தில் கொஞ்சப் பேர் கழிவார்கள், அதற்குக் கவலைப்பட வேண்டாம். பதிந்தவுடன் போகும் முதல் கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: உங்களுடைய ஊர் எது? விசுவமடு, முத்தையன்கட்டு, அக்கராயன், மல்லாவி என்று பதில்கள் வந்தன. ஒருவர் தன் வீட்டு வளவில் நின்ற மாமரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். அந்தப் பதில்கள் எனக்குச் சந்தோசம் தந்ததோடு, இது தேவையான கடிதம் என்று தபால்பெட்டிக்கும் காட்டின.

கணக்கைப் பார்த்தால் இதுதான் நிலைமை. முதல் வாங்கியது 99,000 ரூபாவுக்கு 434 பெயர், ஒரு பெயர் 228 ரூபா. சங்க மடலில் 9,000 ரூபாவுக்கு 38 பெயர், ஒன்று 237 ரூபா. அன்றைய நாளில் பார்த்தால் முதலாவதுதான் மலிவு. இரண்டு மாதம் கழித்து எண்ணினேன். முதலாவதில் மிஞ்சியது 11 பேர், ஆளுக்கு 9,000 ரூபா. இரண்டாவதில் 33 பேர், ஆளுக்கு 270 ரூபாவைச் சுற்றி. பெயர் வந்த அன்று கணக்குப் பார்க்காதீர்கள், எட்டுக் கிழமை பொறுங்கள். அந்த எட்டுக் கிழமைக்குள் அதே இடத்தில் இரண்டாவது விளம்பரம் போடாதீர்கள். முதலாவது நல்ல எண்ணைக் காட்டினால் கை துறுதுறுக்கும். என்னுடையது துறுதுறுத்தது.

நேர்மையான இடத்தில் போட்டாலும் பொருந்தாமல் போவதுண்டு. அதே ஆண்டு ஆனியில் ஒரு தமிழ்ச் சமையல் மடலில் 60 டொலர் கொடுத்தேன். 52 பேர் வந்தார்கள், உண்மையான மனிதர்கள், தமிழ் வாசிப்பவர்கள். ஆனால் அவர்களுக்கு இரணைமடு நீர்மட்டம் எதற்கு? ஆவணிக்குள் பாதிப்பேர் விலகிவிட்டார்கள். விலகியவர்கள் ஸ்பாம் என்று அழுத்தாமல் மரியாதையாக விலகினார்கள் என்பதே எனக்குப் போதும்.

விலகும் இணைப்பைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் கடிதத்தை நடுவில் வெட்டி, மிச்சத்தை ஒரு இணைப்புக்குப் பின்னால் ஒளித்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'கொ' மாதிரி எழுத்தோடு கொம்பு, கால் சேர்ந்தால் ஆறு. ஆகவே எங்களுடைய நீளக் கடிதங்கள் கெதியாக அந்த எல்லைக்கு வந்துவிடும். வெட்டுப்படும் பகுதியில்தான் விலகும் இணைப்பும் இருக்கும். அதைத் தேடிக் காணாதவர் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார். நான் இப்போது விலகும் இணைப்பைக் கடிதத்தின் தலையிலும் ஒன்று வைக்கிறேன். வைத்த பிறகு விலகுவோர் கூடவில்லை. தலைப்பு வரியும் அப்படித்தான்: போன் திரையில் தமிழ் எழுத்து இடம் கூட எடுக்கும், முதல் மூன்று நான்கு சொல்லுக்குள் விசயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

லண்டன் கடைக்காரர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எண்ணூறைத் தாண்டியிருக்கிறோம். 2,000 எப்போது வரும் என்று நான் கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன், செவ்வாய்க்கிழமைகளில் எத்தனை பதில் வந்தது என்பதைக் கடைக் கொப்பியில் எழுதி வைக்கிறேன். போன கிழமை 23.

புதுச் சீட்டில் என்னுடைய முறை ஆவணியில் வருகிறது. முதலில் மெசின். பழையது இப்போது பத்துத் தாளுக்கு ஒரு தாளைச் சிக்க வைக்கிறது. மிச்சத்தில் 15,000 ரூபாவை ஒதுக்கி, சுவிஸில் உள்ள ஒரு ஊர்ச் சங்கத்தின் மடலில் ஒரு பத்தி கேட்டிருக்கிறேன். அவர்களுடைய மடலைச் சித்திரையிலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறேன், கடைசியாக விளம்பரம் போட்டவரின் இலக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.